எஸ்தர் மேடம் கொடுத்த அவகாசம்

செய்தி வந்தபோது நான் உக்கடம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதுவது பழக்கதோஷம். நான் எங்கேயும் நிற்கிறவன் இல்லை, நடந்துகொண்டுதான் இருந்தேன். நம் கம்ப்யூட்டர் விளையாட்டுக் குழுவில் எஸ்தர் மேடத்தின் மகள் ரூத் இரண்டே வரி போட்டிருந்தாள். அம்மா காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள், நாளை அடக்கம். அதைப் படித்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் அவரும் ஆடிக்கொண்டிருந்த போர் விளையாட்டைப் போனில் திறந்து, காய் நகர்த்த எனக்கு எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்தேன். நான்கு நாள் இருந்தது.

குழுவில் இருக்கும் உங்களுக்கு விளையாட்டுகளைப் பற்றி அவர் எழுதிய கருத்துகள் தெரியும், ஆளைத் தெரியாது. எனக்கு இருபது வருடம் பக்கத்து மேசை. பம்பு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் இரண்டு பேருமே கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர்கள். ஒரே வயது. சூலூரில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஒரே கம்பெனி பஸ். இருந்தும் கடைசி வரைக்கும் நான் அவருக்கு சார், அவர் எனக்கு மேடம்.

அவர் விளையாடும் முறையே தனி. எந்த விளையாட்டை வாங்கினாலும் முதலில் வேண்டுமென்றே தோற்பார். ஒருநாள் மதிய இடைவேளையில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கியதில் போய் இப்படிக் காரை மோதிக்கொண்டே இருக்கிறீர்களே என்றேன்.

"ஜெயிச்சா எல்லா கேமும் நல்லாத்தானுங்க பேசும் சார். தோத்தா என்ன பண்ணுதுன்னு பார்க்கோணும். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால மாப்பிள்ளையைக் கோவப்படுத்திப் பார்க்கறதில்லீங்களா, அந்த மாதிரி" என்றார். அப்படி எங்கே பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதிய கருத்துகள் எல்லாம் அந்த ஒரே கேள்வியில்தான் தொடங்கும். தோத்தா என்ன பண்ணுது?

கார்ப் பந்தய விளையாட்டைப் பற்றி அவர் எழுதியதைப் படித்து நான் பஸ்ஸில் சிரித்திருக்கிறேன். "கடைசி வண்டி வந்து சேர்றதுக்குள்ள கூட்டத்தை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. கொடி புடிச்சவனையும் காணோம்." மதிப்பெண் குறைவு. கால்பந்து விளையாட்டில் ஏழு கோல் வாங்கிவிட்டு நல்ல மதிப்பெண் கொடுத்தார். காரணம் கோல்கீப்பர். ஒவ்வொரு கோலுக்கும் அவன் வலைக்குள்ளே குனிந்து பந்தை எடுத்து வந்தானாம், ஏழாவது தடவையும் முகம் சுளிக்காமல் எடுத்தானாம். அந்த விளையாட்டை நான் மூன்று வருடம் ஆடியிருக்கிறேன். கோல்கீப்பருக்கு முகம் இருப்பதையே நான் கவனித்ததில்லை.

சுடுகிற விளையாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் காரணமில்லை. "விழுந்த எடத்துலயே எந்திரிச்சு நிக்கறானுங்க. ஒரு எழவு கேக்கறதுக்குக்கூட நேரம் உடமாட்டேங்கறாங்க." மேலிருந்து கட்டை விழும், வரிசையாக அடுக்க வேண்டும் என்கிற அந்தப் பழைய விளையாட்டுக்குத்தான் நூற்றுக்கு நூறு கொடுத்தார். "இதுல ஆரும் ஜெயிக்க முடியாது, எவ்வளவு நேரம் தாங்கறோம்ங்கறதுதான். மொதல்லயே உண்மையைச் சொல்லிப்போட்ட ஒரே கேம் இதுதானுங்க."

எங்களுக்குள் சண்டை வந்தது தோட்ட விளையாட்டால். அது எனக்கு உயிர். தாராபுரம் பக்கம் எங்கள் அப்பா விற்ற காடு தோட்டத்தை நான் அதில் திரும்ப உண்டாக்கி வைத்திருந்தேன், கிணறு, தென்னை, மாட்டுக்கொட்டகை எல்லாம். மேடமும் தாராபுரம் பக்கம்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவர் பத்து நாள் தண்ணீர் விடாமல் செடியைக் காயப் போட்டுப் பார்த்தார். செடி வாடியது, சாகவில்லை. குழுவில் எழுதினார்: "இதுல தோக்கவே முடியலீங்க. தோக்க முடியலைன்னா அது வெவசாயமுங்களா? அப்புறம், இந்தத் தோட்டத்துல ஒரு ஆளுகூட வேலைக்கு வாரதில்லை. நெலத்துக்காரப் பண்ணாடியே குனிஞ்சு களை எடுக்கறாரு. இப்படி ஒரு பண்ணாடியை எங்கம்மா பார்த்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவரே வந்து, "ஏனுங்க சார், தென்னைக்கு உரம் வெச்சீங்களா?" என்று கேட்டார். கோபத்தைத் தொடர முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் களை எடுக்கும்போதெல்லாம் அவருடைய அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் பார்த்தே இராத ஒரு பெண்மணி.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்விட்டேன், நான்காவது தடவை போவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தோற்கத் தெரியாது. தோற்கப் போகிறேன் என்று தெரிந்தால் கை கால் நிலைகொள்ளாது, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிடுவேன். கம்ப்யூட்டர் கேரம் விளையாட்டில் அவரிடம் அப்படி ஒரு தடவை பிடுங்கிவிட்டு, மறுநாள் கரண்ட் போய்விட்டது என்றேன்.

"அப்படீங்களா? ரெண்டு தெருவுக்கும் ஒரே லைன்தானுங்க சார். எங்க ஊட்ல ஃபேன் ஓடிட்டே இருந்துதே" என்றார். சிரிக்கக்கூட இல்லை. என் பங்கு முறுக்கை என் பக்கம் தள்ளி வைத்தார்.

போன வருடம் அந்தப் போர் விளையாட்டைத் தொடங்கினோம். ஆளுக்கொரு நாடு, ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்த வேண்டும். எதிராளியின் நாடு முழுக்கப் பனிமூட்டம், எல்லைக்கு வந்த படை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பதினைந்து நாளுக்குள் நகர்த்தாவிட்டால் எதிராளி ஜெயித்ததாக விளையாட்டே அறிவித்துவிடும். எதிராளி மனது வைத்தால் இன்னும் பதினைந்து நாள் கொடுக்கலாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் என் வடக்கு எல்லை நெடுக அவருடைய குதிரைகள் தெரிந்தன. அவ்வளவுதான், தோற்கப் போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டேன். அன்றிலிருந்து நான் நகர்த்தவில்லை. வேலை என்றேன், வீட்டில் விசேஷம் என்றேன்.

அதே சமயத்தில்தான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனேன். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. குழாய்களைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கமே நின்றேன். "உக்காருங்க சார், கரண்ட்டு ஒண்ணும் போகாது" என்றார். சிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். "போயிட்டு வாரேனுங்க" என்று சொன்னேன். அதற்குப் பிறகு போகவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் ரூத் என்னிடம் வந்தாள். "அங்கிள், போன வாரங்கூட உங்களுக்கு டைம் குடுக்கச் சொன்னாங்க. அம்மாவால போனைப் புடிக்க முடியலைங்க, நான்தான் அமுக்கினேன். நேரம் முடிஞ்சு ஜெயிக்கறது ஜெயிக்கறதில்லை, சார் வருவாருன்னாங்க."

அது நான்காவது அவகாசம். அவற்றில் எந்தத் தடவை சும்மா இருந்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் நடந்தேன். இனி மூன்றே நாள். ஒரு காயை நகர்த்தினால் முறை அவருக்குப் போகும், அவரால் நகர்த்த முடியாது, பதினைந்து நாளில் நான் ஜெயித்துவிடுவேன். அப்படி ஜெயிக்க எனக்கு மனமில்லை. சும்மா இருந்தால் அவர் ஜெயிப்பார், ஆனால் அது அவர் நான்கு தடவை வேண்டாம் என்று சொன்ன வெற்றி. இன்னொரு தடவை நான் இணைப்பைப் பிடுங்கியதாகவும் ஆகும். திரையின் மூலையில் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்கிற பொத்தான். எந்த விளையாட்டிலும் நான் அதைத் தொட்டதில்லை. மூன்று நாளும் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, கடைசி நாள் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அமுக்கினேன்.

அவர் பெயர் வென்றவர் இடத்தில் வந்தது. பிறகு பனிமூட்டம் மொத்தமும் விலகியது. தோற்றவனுக்கு இந்த விளையாட்டு எதிராளியின் நாட்டை முழுவதுமாகத் திறந்து காட்டும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? வடக்கு எல்லையில் நான் பார்த்த குதிரைகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இருந்த குதிரை எல்லாமே அவ்வளவுதான். களஞ்சியம் காலி. தலைநகரத்தில் ஒரு காவல்காரன். நான் அன்றைக்கு நகர்த்தியிருந்தால் மூன்று முறையில் ஜெயித்திருப்பேன். அது தெரிந்துதான் அவர் எனக்கு நான்கு தடவை நேரம் கொடுத்திருக்கிறார். போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நம் குழுவின் பட்டியலில் அந்த விளையாட்டுக்கு நேராக அவர் எதுவும் எழுதவில்லை. "நான் இன்னும் தோக்கலீங்க, எப்படிச் சொல்றது" என்று விட்டு வைத்திருந்தார். அந்த இடத்தில் நான் எழுதியிருக்கிறேன்: தோற்றால் எல்லாவற்றையும் காட்டுகிறது. மதிப்பெண்ணை நீங்கள் யாராவது போடுங்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியும், ஆஸ்பத்திரியில் அவர் உட்காரச் சொன்ன அந்த நாற்காலியும். நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். தோற்கிற நேரத்தில் உண்மையாகவே கரண்ட் போனது. இரண்டு தெருவும் இருட்டு. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஃபேன் சுற்றத் தொடங்கியதும், திரும்ப அதே ஆட்டத்துக்குள் போய்த் தோற்றுவிட்டு வந்தேன்.