விக்ராந்த் கப்பலில் நான் உடைத்த தேங்காய்

பாகிஸ்தானோடு போர் வரும் என்று ஊரெல்லாம் பேசிய சமயம். என் தம்பி வேலை பார்த்த விக்ராந்த் போர்க்கப்பல் சென்னைக்கு வந்திருந்தது. அவனைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினேன்.

கப்பலின் மேல்தளம் எங்கள் தெருவைவிட நீளம். அதில் விமானங்கள் நின்றன. புதுத் தறிக்கே திருஷ்டி கழிப்பவள் நான், இதை விடுவேனா? கொண்டுபோன தேங்காயை அங்கேயே ஓங்கி உடைத்தேன். சில்லுகள் நாலா பக்கமும் சிதறின.

தம்பி பதறிப்போனான். "இன்னாக்கா இப்டி பண்ணிட்ட! ஒரு சில்லு இஞ்சினுக்குள்ள பூந்தாலும் விமானம் கடல்லதான் வுழும். தெருவுல நீட்டின பாவு நூல் மேல எவனாச்சும் தேங்கா உடைச்சா நீ சும்மா வுடுவியா?"

"கைய ஒடிச்சிருவேன்!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் மாலுமிகள் வரிசையாகக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள். தினமும் விமானம் கிளம்புமுன் தளத்தில் தூசு துரும்பு கிடக்கிறதா என்று இப்படித் தேடுவார்களாம். நானும் புடவையைச் செருகிக்கொண்டு வரிசையில் சேர்ந்தேன். அதிகாரி வந்தார். தம்பிக்குத் தண்டனைதான் என்று பயந்தேன். அவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"உன்னையே வேலைக்கு வெச்சிக்கலாமான்னு கேக்கறாருக்கா."

"எனக்குத் தறி இருக்குதுன்னு சொல்லுப்பா!"

போரில் அந்தக் கப்பல் ஜெயித்தது. தம்பியும் நல்லபடியாகத் திரும்பினான். ஊரார் விமானங்கள் பறந்ததைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். எனக்கோ, அவை பறக்குமுன் குனிந்து நடந்த முதுகுகள்தான் இன்றும் கண்ணில் நிற்கின்றன.