எண் இல்லாதது

பறக்கவிடும் முன் சுகாசினி டிரோனின் ஆறு இறக்கைகளையும் விரலால் சுற்றிப் பார்ப்பார். பிறகு அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் பதிவு எண்ணைச் சட்டைக் கையால் துடைப்பார். "மனுசனுக்குப் பேரு, இதுக்கு நம்பர். அது இல்லன்னா ரெண்டும் காத்துக் கருப்புதாம்பா," என்பார்.

சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. மாகறல் பக்கத்து வயல்களுக்கு மருந்தடிப்பது தொழில். பயிற்சி முடித்து உரிமம் வாங்கியவர். கல்யாண வீட்டார் படம்பிடிக்கக் கூப்பிட்டால், "இது மருந்தடிக்கிற வண்டி, பன்னீர் தெளிக்காது" என்று சிரித்து அனுப்பிவிடுவார். வீடுகளுக்கு மேல் அவர் பறக்கவிட்டதே இல்லை.

ஆடியில், செவிலிமேட்டில் அவர் தெருவுக்கு மேல் வேறொரு டிரோன் வரத் தொடங்கியது. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பிற்பகலில் வரும். கறுப்பு நிறம், சாப்பாட்டுத் தட்டளவு. ஒவ்வொரு மொட்டைமாடிக்கு மேலும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். பிறகு பாலாற்றுப் பக்கம் திரும்பிவிடும். போய்த் தேடியவர்கள் மணலையும் சீமைக்கருவேலத்தையும்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டில் கல்லெறிந்தார்கள். மறுநாள் அந்த வீட்டுக்கு மேல் வெகுநேரம் நின்றது. அதன்பின் யாரும் எறியவில்லை. துணிகள் வீட்டுக்குள்ளேயே உலர்ந்தன.

எதிர்வீட்டுத் தையல்நாயகி சுகாசினியிடம்தான் சண்டைக்கு வந்தார். "இந்தத் தெருவுல டிரோன் வச்சிக்கினு இருக்கிறது நீ ஒருத்திதான். எங்க மாடியில இன்னாத்த பாக்கற?"

சுகாசினி நேராகக் காவல் நிலையம் போனார். அங்கிருந்த ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"அதுல நம்பர் இருக்குதாம்மா?"

"இல்ல சார். அதான் புகாரே."

"நம்பர் இல்லாம யாரு மேல எழுதறது? உங்களுதுல இருக்குதா?"

"இருக்குது."

"அப்போ அத்தக் கொண்டாங்க. விசாரிச்சிட்டுத் தரோம்."

அவருடைய டிரோன் நிலையத்தில் பூட்டிக் கிடந்தபோது நெல்லில் பூச்சி ஏறியது. வயல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் அந்தக் கறுப்பு டிரோன் வந்தது. மற்ற மாடிகளை விட்டுவிட்டு, சுகாசினியின் மாடிக்கு மேல் மட்டும் நின்றது.

தையல்நாயகி அதைப் பார்த்தார். சாயங்காலம் வாசலில் வந்து தயங்கி நின்றார். "நீ இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. நீயாவே இருந்திருந்தா தேவலாம்னு தோணுதும்மா."

சுகாசினியின் டிரோன் திரும்பக் கிடைத்துவிட்டது. வழக்கு ஏதும் இல்லை. எண் இல்லாதது இன்னும் வருகிறது.

இதைக் கேள்விப்பட்டு நான் அவரைப் பார்க்கப் போயிருந்த அன்று சுகாசினி வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு மாடியில் இருந்தார். தரை முழுக்க ஆளுயர எழுத்தில் 'நீ யாரு?' என்று எழுதி முடித்திருந்தார். தையல்நாயகி படி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நூல் சுற்றும் மோட்டார் ஓடுவதுபோல மேலே சத்தம் கேட்டது. வந்தது. நின்றது. பிறகு, இதுவரை செய்யாததைச் செய்தது: மெல்லக் கீழே இறங்கியது.

தையல்நாயகி படியில் தடதடவென்று ஓடினார். சுகாசினி ஓடவில்லை. குனிந்து பார்த்தார். தன் நிழல் எழுத்தின் மேல் விழுந்திருந்தது. இறங்கி வந்த டிரோன் படிப்பதற்கு மறைக்காமல், ஓரடி விலகி நின்றுகொண்டார்.