பட்டுப்பாவுக்கு அந்தப் பக்கம்

ஊரில் இன்னும் அதை மாரடைப்பு என்றே சொல்கிறார்கள். நடந்தது இதயம் நின்றுபோனது, இரண்டும் ஒன்றல்ல. அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ரப்பர் பொம்மையின் மார்பை அமுக்கிச் செயல்முறையும் காட்டுவேன். என் பொம்மைகள் ஒன்றுகூடச் சாகவில்லை.

என் நண்பர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எங்கள் சேவூர்த் தெருவில் சுருண்டு விழுந்த காலையில், எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பாவு இருந்தது. இங்கே காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். அதைத் தாண்டக்கூடாது, அடியில் புகவும் கூடாது. கோடிவரை போய்ச் சுற்றி வருவதுதான் வழக்கம். நானும் சுற்றினேன். ஓடக்கூட இல்லை. முதலில் தோளைத் தட்டுவது, பிறகு மூச்சைப் பார்ப்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே நடந்தேன்.

அந்தப் பாவுக்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டு அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் குனிந்து நேராகப் புகுந்துவிட்டார். கொண்டையில் சிக்கி இழைகள் அறுந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது மண்டியிட்டு வாத்தியாரின் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பார்த்துக் கற்றதாம்.

"முழங்கைய மடக்காதீங்கம்மா."

"பேஜார் பண்ணாதீங்க சார். ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!"

போட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வாத்தியார் பிழைத்தார். ஒரு விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது; அதைப் பதக்கம் போலத் தொட்டுக் காட்டுகிறார். இருபது வருஷம் என் வீட்டில் மாலைக் காப்பி குடித்தவர், இப்போது எதிர்வீட்டில் குடிக்கிறார். அவர்களின் சிரிப்பு என் ஜன்னல் வரை வருகிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். புழுக்கம்தான் மிச்சம்.

ஆறு மாதம் கழித்து ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். எதிர்வீட்டில் மூவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"பயிற்சி பெற்றவர் யாராவது அங்கே இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்," என்றேன், நிமிர்ந்து. அந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஓரிடம் வேண்டியிருந்தது.

"அப்போ நீங்க ஏன் ஆரம்பிக்கல?"

என் பாடத்தில் இல்லாத கேள்வி. அந்த அம்மா முந்திக்கொண்டார்: "சார் மரியாத தெரிஞ்சவரு டாக்டரம்மா. எங்க நூலு அறுந்துடும்னுதான் சுத்திகினு வந்தாரு."

"நூலு பொழச்சிச்சா?" என்றார் வாத்தியார்.

"எங்க சார், நான்தான் அறுத்துட்டனே!"

இருவரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகப் பரிந்து பேசவும் அந்த அம்மாவுக்கே வாய்த்தது.

சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மருத்துவர் கேட்டார். அன்றும் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நடந்து காட்டச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பிடித்தார். நான் கிட்டத்தட்ட ஓடினேன்.

"இன்னா சார், அன்னிக்கு இவ்ளோ ஜல்தியா வரலியே நீங்க?" என்றார் அந்த அம்மா.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனேன்.

"மறுபடி பிடிங்க," என்றேன்.

இந்த முறை அன்றைக்குப் போலவே நடந்தேன். கோடியில் திரும்பும்போது பார்த்தேன். வாத்தியார் சிரிப்பை நிறுத்தியிருந்தார். மீதித் தூரத்தையும் அதே நடையில் நடந்தேன்.