குகதாசன் அண்ணையைக் கைமாற்றிய கதை

பாரிஸின் லா சப்பலில் குகதாசனை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அண்ணை என்பேன், என் அப்பாவும் அண்ணை என்பார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்று சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

கிழமை நாட்களில் பிரெஞ்சு உணவகம் ஒன்றில், தான் வாயில் வைக்காத மாட்டிறைச்சியை வெள்ளைக்காரர் புகழும்படி பொரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மருதவத்தை விளையாட்டுக் கழகத்தின் பத்தாம் இலக்கம். மருதவத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கிறதாம், நான் பார்த்ததில்லை. பாரிஸில் எங்கள் ஆட்கள் ஊர் ஊராகக் கழகம் வைத்து உதைபந்தாடுகிறார்கள். அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், கலியாணம் கட்டினவரின் ஊர், இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் ஆடலாம்.

நானும் ஆடிய மருதவத்தைக் கழகம் 2014இல் தோற்றுக்கொண்டே இருந்தது. எங்கள் கோல் காப்பாளர் பந்து வந்தால் கண்ணை மூடுவான். பனிச்சையடிக் கழகத்திடம் கண் திறந்தபடி நிற்கும் ஒருவன் இருந்தான், அவனுடைய அம்மா மருதவத்தை. குகதாசன் அண்ணையின் மனைவி பூரணி அக்கா பனிச்சையடி. ஆளுக்கு ஆள் மாற்றலாமா என்று பனிச்சையடிக்காரர் கேட்டார்கள்.

எங்கள் தலைவர் பொன்னம்பலம் தன் மளிகைக் கடையின் பின்புறம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கூட்டம் வைத்தார். அண்ணை அன்று வேலையில் இருந்தார்.

“அவற்ற கால் முந்தின மாதிரி இல்லை. வைச்சிருந்தாலும் ஆட்டத்துக்கு வெளியிலை வாங்கிலைதான் இருத்தவேணும்,” என்றார் பொன்னம்பலம்.

“நீங்களும் வாங்கிலைதானே இருக்கிறியள்,” என்றேன்.

“நீ கதைக்காதை. என்ர சப்பாத்துக்குள்ளை மஞ்சள் தூள் போட்டது நீதானே?”

“ஓம்.”

கடைசியில், ஞாயிறு பயிற்சியில் அண்ணையின் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது என்றானது. நான் பொடியள் எல்லோரிடமும் மெதுவாக ஓடச் சொன்னேன். நாங்கள் ஊர்ந்தால் அண்ணை பறப்பது போலத் தெரியும் அல்லவா.

தெரிந்தது. அண்ணை மூன்று பேரைத் தாண்டினார். நான் காரணமில்லாமல் விழுந்தேன். கோட்டுக்கு வெளியே பொன்னம்பலம் கைகட்டி நின்றார்.

“அண்ணை பரவாயில்லை. இவங்களை ஆரிட்டைக் குடுக்கலாம்?” என்றார்.

பயிற்சி முடிந்ததும் அண்ணை என் காதைப் பிடித்தார்.

“பஸ்ஸுக்கு இதைவிட வேகமா ஓடுவாயேடா. ஆற்ற யோசனை?”

“என்ர.”

காதை விட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு விளையாட வேணும். இஞ்சை நிண்டால் நீங்கள் எனக்காக நொண்டுவியள். அங்கை ஒருத்தனும் நொண்டமாட்டான்.” பிறகு பொன்னம்பலத்தைப் பார்த்து, “குடுங்கோ என்னை,” என்றார்.

பூரணி அக்கா மட்டும் சந்தோசப்பட்டார். இத்தனை வருடமும் எதிர்ப்பக்கம் நின்று சொந்தப் புருசனுக்கு எதிராகக் கத்தியவர். “இப்பதான் எங்கட கலியாணம் சரியா முடிஞ்சிருக்கு,” என்றார்.

அடுத்த மாதம் லா கூர்னெவ் மைதானத்தில் பனிச்சையடியோடு எங்களுக்கு ஆட்டம். அண்ணை பனிச்சையடியின் மஞ்சள் சட்டையில் நடுவில் நின்றார். நன்றாகத்தான் ஆடினார். எங்கள் புதிய கோல் காப்பாளர் அவருடைய இரண்டு பந்துகளைத் தடுத்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

பிறகு நடுவில் அண்ணையிடம் பந்து வந்தது. நிமிர்ந்து பார்க்காமல், வழக்கம்போல இடப்பக்கம் வெட்டித் தந்தார். வழக்கம்போல அங்கே நான் நின்றேன். மஞ்சள் சட்டைகள் எல்லாம் முன்னுக்கு ஓடிவிட்டன. அண்ணை தலையில் கைவைத்தார்.

வெளியே அடித்திருக்கலாம். அதைத்தான் நினைத்தேன். ஆனால் அப்படிச் செய்தால் அதுவும் நொண்டுவதுதான்.

கோல் அடித்தேன்.

“வீட்டை வாங்கோ, கதைக்கிறன்,” என்று பூரணி அக்கா கோட்டுக்கு வெளியே இருந்து சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது. பனிச்சையடித் தலைவர் அண்ணையை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார். அண்ணை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நடுவட்டத்துக்குப் போகிற வழியில் என்னருகே வந்தார்.

“இடது காலாலை அடிச்சிருக்க வேணும்.”

“ஓம் அண்ணை,” என்றேன்.