அடிக்காத கிளாஸ்

தீபிகாவை நான் முதலில் பார்த்தது 2012இல், வேலுசாமி அண்ணனின் பிரவுசிங் சென்டரில். குமாரபாளையத்தில், ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியில் இருந்தது அந்த சென்டர். மொத்தம் எட்டு கம்ப்யூட்டர்கள். இரண்டில் வேலுசாமி அண்ணன் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுப்பார். மீதி ஆறில் நாங்கள் விளையாடுவோம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. கரண்டு போய் ஊரில் தறிச்சத்தம் அடங்கியதும், சென்டரின் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் ரோடு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் படியேறுவோம்.

நாங்கள் என்றால் நந்தகுமார், நான், இன்னும் இரண்டு பேர். எங்கள் விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் அதைக் 'கோட்டை' என்றுதான் சொல்வோம். அதில் ஆளுக்கு ஆள் மோதும் களம் ஒன்று உண்டு. ஐந்து பேர் சேர்ந்தால்தான் குழுச் சண்டைக்குள் விடுவான். எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது.

பூபதி என்பவரின் மகள் தீபிகா. அவருக்கு வீட்டோடு ஒட்டினாற்போல எட்டு தறி ஓடியது. பி.காம் முதல் வருஷத்தில் இருந்த தீபிகா, கல்லூரி விட்டு வந்ததும் டேலி படிக்க சென்டருக்கு வருவாள். ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் அவளுடையது. இருப்பதிலேயே பழசு. டேலி முடித்தபின் எங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் நந்தகுமார் கேட்டேவிட்டான்.

"ஏனுங்க, சும்மாதானே நிக்கறீங்க? எங்க டீமுல சேர்ந்துக்கறீங்களா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

கோட்டையில் நுழைந்ததும் முதலில் நம் ஆள் எந்த வகை என்று கிளாஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள் சுழற்றுகிறவன், வில் விடுகிறவன், தீயும் பனியும் வீசுகிற மந்திரக்காரன், அடியெல்லாம் தாங்கி நிற்கிற டேங்க், காயம் ஆற்றுகிற ஹீலர். ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். பிறகு மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனியாக மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஐந்து நிமிஷத்தில் எடுத்தவர்கள். நந்தகுமார் வாள், நான் வில். தீபிகா ஒவ்வொன்றின் விளக்கத்தையும் முழுசாகப் படித்தாள். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் ஹீலரை அமுக்கினாள்.

நந்தகுமார் தலையில் கைவைத்தான். "அது சண்டைக்கு ஆகாதுங்க. ஒத்தைக்கு ஒத்தை நின்னா ஹீலரால ஒருத்தனக்கூட கொல்ல முடியாது."

"ஹீலரைக் கொல்ல முடியுமா?"

"அதுவும் கஷ்டந்தான். ஆனா..."

"அப்பச் சரி," என்றாள்.

முதல் மூன்று வாரம் அவள் செத்துக்கொண்டே இருந்தாள். எதிராளிகளுக்குத் தெரியும், ஹீலரை முதலில் சாய்த்துவிட்டால் மற்றவர்கள் தானாக விழுவார்கள் என்று. சண்டை தொடங்கியதுமே ஐந்து பேரும் அவள்மேல் பாய்வார்கள். அவள் முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எத்தனை நொடியில் வந்தார்கள் என்று டேலி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். நாலாவது வாரம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பாறைக்குப் பின்னால் நிற்பாள், எங்கள் நிழலிலேயே நகர்வாள், ஐந்து பேரின் லைஃபும் அவள் கண்ணில் இருக்கும். ஒரு ஆள் நாலு தறி பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். எங்கே நூல் அறுகிறது என்று பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. எனக்கோ முன்னால் ஓடிப்போய் நிற்கும் கெட்ட பழக்கம். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணா, பின்னால வாங்க," என்பாள். போன உயிர் பாதிக்கு மேல் திரும்பியிருக்கும்.

அந்தக் கோடையில் நாங்கள் தொடர்ந்து ஜெயித்தோம். ஜெனரேட்டர் புகையும் மாவு வாசனையும் கலந்து மாடிக்கு வரும். கீழே கடையில் இருந்து எலுமிச்சை சாதம் வாங்கிவந்து கீபோர்டுகளுக்கு நடுவில் வைத்துத் தின்போம். வேலுசாமி அண்ணன் திட்டுவார். இப்போதும் எங்காவது ஜெனரேட்டர் ஓடினால் எனக்குப் பசிக்கும்.

வீட்டில் தீபிகா "கிளாஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். "எந்தக் கிளாஸ்னு அவங்க கேக்கல, நானுஞ் சொல்லல," என்பாள்.

அப்போதுதான் கல்தூண் வந்தது. சேலத்துக் குழு ஒன்றின் டேங்க், விளையாட்டில் வைத்திருந்த பெயரே அதுதான். மலை மாதிரி ஓர் உருவம், கையில் கதவு அகலத்துக்குக் கேடயம். ஒரு சண்டையில் எங்கள் பக்கம் தீபிகாவும் அவர்கள் பக்கம் கல்தூணும் மட்டும் மிஞ்சினார்கள். கல்தூண் மெதுவாக அடிக்கும், இவள் ஆற்றிக்கொள்வாள். இவள் கைத்தடியால் தட்டுவாள், கல்தூணுக்கு அது உறைக்காது. இருபது நிமிஷம் இப்படியே போய் ஆட்டமே தன்னால் முடிந்தது. மறுநாளும் இரண்டு பேரும் தனியாகக் களத்தில் இறங்கினார்கள், அதுவும் முடியவில்லை. பிறகு அது வழக்கமானது. சாகடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரிந்ததால், ஒரு கையால் சண்டை போட்டுக்கொண்டே மறு கையால் பேசத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்.

ஒரு சாயங்காலம் கல்தூண் நடுச்சண்டையில் நின்றது. "அஞ்சு நிமிஷம் இரு. பூக்காரம்மா வந்திருக்காங்க."

தீபிகா தட்டினாள்: "உங்கம்மாவுக்கு வாங்கறீங்களா?"

"எனக்குத்தாண்டா."

தீபிகா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள்: "டா இல்ல. டீ."

அந்தப் பக்கமிருந்து சிரிப்புப் பொம்மைகளாக வந்து கொட்டின. கல்தூணின் பெயர் அகல்யா. சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், அப்பா ரயில்வேயில் வேலை. அவள் குழுவில் யாருக்கும் அவள் பெண் என்று தெரியாது. தெரிந்தால் டேங்க் விளையாட விடமாட்டார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் விளையாட்டுக் கம்பெனி சில மாற்றங்கள் செய்தது. ஹீலரின் வைத்தியம் பாதியாகக் குறைந்தது. அதே சமயம் சேலத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். நந்தகுமார் தீபிகாவிடம், "கிளாஸ் மாத்திக்க. வில்லு எடு. இனி ஹீலர் வெச்சு செயிக்க முடியாது," என்றான்.

"நான் மாத்தறதா இல்லீங்க."

அன்று அவள் போனபிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். பள்ளிபாளையத்தில் ஒரு பையன் மந்திரக்காரன் வைத்திருந்தான், நன்றாக விளையாடுவான். "தீபிகாவுக்குப் பதிலா அவனச் சேர்த்துக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றான் நந்தகுமார். முதலில் இரண்டு கை எழுந்தன. நந்தகுமார் தன் கையையும் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நானும் தூக்கினேன். எத்தனை தடவை என் உயிரைத் திருப்பிக் கொடுத்தவள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராமலில்லை. வந்தும் தூக்கினேன்.

மறுநாள் அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. வேலுசாமி அண்ணன்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஏழாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். என்ன தட்டினாளோ, அன்று சாயங்காலமே போட்டியின் இரட்டையர் பிரிவில் தீபிகா, அகல்யா என்று இரண்டு பெயர் பதிவாகியிருந்தது.

சிரித்தோம். ஹீலரும் டேங்கும்! ஒரு கொசுவைக்கூட அடிக்காத ஜோடி.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில். நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். பள்ளிபாளையத்துப் பையன் இரண்டு நிமிஷத்தில் விழுந்தான், அவனைக் காப்பாற்ற ஆள் இல்லை. ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் இரட்டையர் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தோம். அங்கேதான் அகல்யாவை நேரில் பார்த்தேன். ஒல்லியாக, குள்ளமாக, தடித்த கண்ணாடி. கால் தரையில் எட்டாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தீபிகாவும் அவளை அன்றுதான் முதலில் பார்த்தாளாம்.

ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம். அதற்குள் யாரும் சாகவில்லையென்றால், மிச்ச லைஃப் யாருக்கு அதிகமோ அவர்கள் ஜெயித்ததாகக் கணக்கு. இவர்கள் இருவரும் நடுக்களத்தில் நின்றார்கள். அவ்வளவுதான். அகல்யா தாங்கினாள், தீபிகா ஆற்றினாள். பத்து நிமிஷம் முடியும்போது அகல்யாவின் தட்டலில் எதிராளிகளின் லைஃப் கொஞ்சம் குறைந்திருக்கும், இவர்கள் முழுசாக இருப்பார்கள். இப்படி மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். மண்டபத்தில் விசில் அடித்துக் கேலி செய்தார்கள். "தூங்கப் போங்கம்மா," என்று ஒருவன் கத்தினான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, போட்டி நடத்துகிறவர் மைக்கைப் பிடித்தார். இனிமேல் பத்து நிமிஷத்தில் முடியாவிட்டால் இரண்டு ஜோடியும் வெளியே என்றார்.

அகல்யா எழுந்து நேராக அவரிடம் போனாள். "காலைல ஒரு சட்டம், மதியம் ஒரு சட்டமா? நாங்க ஜெயிக்கறது பிடிக்கலன்னா நேராச் சொல்லுங்க சார்."

அவர் பேச்சை மாற்றினார். தீபிகா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, காதில் ஏதோ சொன்னாள்.

அரையிறுதியில் எதிரே இரண்டு வாள்காரர்கள். ஆட்டம் தொடங்கியதும் தீபிகா ஓடினாள். டேங்கை விட்டுத் தனியாக, களத்தின் ஓரம் ஓரமாக. ஹீலர் தனியாக மாட்டினால் யார் விடுவார்கள்? இருவரும் துரத்தினார்கள். அவள் ஓடிக்கொண்டே தன்னைத்தானே ஆற்றிக்கொண்டாள். அவர்கள் முதுகில் அகல்யா தட்டிக்கொண்டே வந்தாள், ஆமை மாதிரி. எட்டாவது நிமிஷம் ஒருவன் விழுந்தான். அடுத்தவன் கடைசி நிமிஷத்தில். மண்டபத்தில் முதலில் யாருக்கும் என்ன நடந்தது என்றே புரியவில்லை. புரிந்ததும் நந்தகுமார்தான் முதலில் கைதட்டினான்.

இறுதி ஆட்டம் கோயம்புத்தூர் மந்திரக்காரர்கள் இருவரோடு. ஆறாவது நிமிஷத்தில் அகல்யா விழுந்தாள். தீபிகா தனி. ஜெயிக்க வழியே இல்லை. ஆனால் பத்து நிமிஷம் நின்றுவிட்டால் புதுச் சட்டப்படி இரண்டு ஜோடியும் வெளியே, முதல் பரிசு யாருக்கும் கிடையாது! இது முதலில் நடத்துகிறவருக்குத்தான் உறைத்தது. அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். தூங்கப் போகச் சொன்னவன் நாற்காலிமேல் ஏறி நின்று நொடிகளை உரக்க எண்ணினான். மண்டபமே சேர்ந்து எண்ணியது. அவள் தூணுக்குத் தூண் ஓடினாள், பாதி உயிரில் நின்றாள், கால் உயிரில் நின்றாள். பதினொரு நொடி இருக்கும்போது விழுந்தாள்.

தோற்றவளுக்கு அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை. அகல்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகையில், இரண்டாம் பரிசு வாங்கிய இருவர் படமும் வந்தது. பூபதி அதை டீக்கடையில் பார்த்தார். வீட்டுக்கு வந்து மகள் முன்னால் பத்திரிகையை வைத்தார். இதைத் தீபிகாவே பிறகு எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

"இது நீதானே, சாமி?"

"ஆமாங்கப்பா."

"கிளாஸுன்னு சொல்லிட்டுப் போனே?"

"அதுலயும் கிளாஸுதானுங்கப்பா."

"அதுல நீ என்ன பண்ணுவே?"

"அடிபட்டவங்கள எழுப்பி வுடுவேன்."

"நீ அடிக்கமாட்டியா?"

"மாட்டேனுங்க."

"அப்புறம் எப்படிப் பரிசு குடுத்தாங்க?"

பூபதி படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாராம். "இனிப் போறதுன்னா சொல்லிட்டுப் போ," என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மாடிக்கு வந்து, மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஓர் ஆட்டம் பார்த்தார். இறங்கும்போது வேலுசாமி அண்ணனிடம், "அந்தப் பொம்மப் புள்ள இத்தனை ஓட்டம் ஓடுது, கால்ல ஒரு செருப்பில்லையே," என்று வருத்தப்பட்டார்.

நந்தகுமார் அவளைத் திரும்பக் கூப்பிட்டான், வந்தாள். இன்னும் இரண்டு வருஷம் சேர்ந்து விளையாடினோம். அதன்பின் அகல்யாவின் அப்பாவுக்கு மாற்றல் வந்து ஜபல்பூர் போனார்கள். நந்தகுமார் திருப்பூரில் வேலைக்குப் போனான். எல்லோர் கையிலும் போன் வந்தது, வேலுசாமி அண்ணன் கம்ப்யூட்டர்களை விற்றார். 2017இல் கோட்டையையே மூடினார்கள். மூடிய அன்று மதியம் தீபிகாவும் அகல்யாவும் இரண்டு ஊர்களில் இருந்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். களத்தில் வேறு யாரும் இல்லை. இணைப்பு அறுந்து திரை கறுப்பாகும்வரை சண்டை போட்டார்களாம்.

தீபிகா இப்போது இங்கேயே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் துணி தரம் பார்க்கும் பிரிவின் பொறுப்பாளர். கல்யாணமாகி ஒரு பையன். நான் தறிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். போன ஆடிப் பதினெட்டுக்கு அகல்யா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் நிறைய. படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினோம், பாதி நேரம் கோட்டையைப் பற்றித்தான். அப்போதுதான் அதைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாதது.

"அன்னைக்கு டீமுல இருந்து உன்னை எடுத்துரலாம்னு நானுங் கை தூக்குனேன் தீபிகா."

"தெரியுமுங்கண்ணா. நாலு கையும் எந்திரிச்சுதுன்னு வேலுசாமி அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"கோவமில்லையா?"

"இருந்துச்சுங்கண்ணா. ரெண்டு நாள் சோறு எறங்கல. உங்க மேலதான் ரொம்ப. அப்புறம் செமஸ்டர் வந்துருச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். சும்மா சொன்ன சரி இல்லை அது, நான் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு சொன்ன சரி. அகல்யாவின் மகள் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்று தீபிகாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மூவரும் எழுந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கினோம்.