முப்பத்தேழாம் நம்பர் பிளாட்

1. கூப்பிட வந்தவர்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு நகரமைப்பு ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு சனிக்கிழமை காலையில் தோளில் துண்டோடு ஒருவர் என் டேபிளுக்கு முன்னால் வந்து நின்றார். பெயர் கருப்பணன். ஆனையூருக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும், வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்து விடுவதும் அவர் வேலை.

"நாளைக்கு வாய்க்கா வெட்டு சார். வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும். நீங்களும் வந்துருங்க."

"நான் எதுக்குண்ணே? எனக்கு அங்க வயலா இருக்கு?"

"வாய்க்காலுக்குள்ள எடம் வாங்கியிருக்கீங்கல்ல? அப்ப நீங்களும் எங்க ஆளுதான்."

அவர் கிண்டல் செய்யவில்லை. மழைக்கு முன்னால் ஊரே கூடி வாய்க்காலைத் தூர்வாருவது அங்கே வழக்கம். வாய்க்காலை ஒட்டி நிலம் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பு உண்டு. புதிதாக வந்தவனையும் முறைப்படி கூப்பிட வந்திருக்கிறார்.

அந்தப் பக்கம் ஊழியர் குடியிருப்பு ஒன்றுக்கு லே-அவுட் போட்டவன் நான்தான். அதில் முப்பத்தேழாம் நம்பர் பிளாட் எனக்கே ஒதுக்கியிருந்தார்கள். ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய் உள்ள லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். என் மனைவி சரசுவதி, புது வீட்டு அடுப்படிக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவு செய்திருந்தாள். அங்கே வாய்க்கால் ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் உதவி இயக்குநரை ஏ.டி. சார் என்போம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"போயிட்டு வாய்யா. போகலன்னா பிளாட்டுக்கு நட்ட எல்லைக் கல்லப் பிடுங்கிப் போட்ருவாங்க" என்றார்.

2. ஹாலில் பள்ளம்

பக்கத்து வீட்டில் மம்பட்டி இரவல் வாங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். ஐம்பது பேர் இருந்தார்கள். கருப்பணன் ஆளுக்கு எட்டடி அளந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது என் பிளாட்டிலேயே எட்டடி.

இரண்டடி தோண்டியதும் மண் மாறியது. மணலும் நத்தைக் கூடுமாக வந்தது. மேடு என்று நினைத்திருந்தது பழைய கரை. கருவேலஞ்செடி மூடிக் கிடந்திருக்கிறது. மதியத்துக்குள் என் வீட்டு ஹால் வரவேண்டிய இடத்தில் இடுப்பளவுப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தப்பு எப்படி நடந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. பழைய சர்வே ஸ்கெட்ச்சில் இரண்டு கோடுகள் இருந்தன. தாள் மடிப்பில் தேய்ந்து அவை புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. முழுக் கோடு என்றால் வாய்க்கால், புள்ளிக் கோடு என்றால் வண்டிப்பாதை. பங்குனி வெயிலில் இன்ஸ்பெக்‌ஷன் போனபோது அதே இடத்தில் இரண்டு மாட்டுவண்டிகள் போயின. ஸ்கெட்ச்சும் நிலமும் ஒத்துப்போனதில் எனக்குப் பரம திருப்தி. பாதையைத்தானே, ஓரமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று அதன்மேலேயே மனைகளைப் போட்டுவிட்டேன். கோடையில் காய்ந்த வாய்க்காலுக்குள்தான் வண்டி ஓட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது; யாரையும் கேட்கவும் இல்லை.

"இத மூடிட்டா என்னண்ணே ஆகும்?" என்று கருப்பணனைக் கேட்டேன்.

"கம்மாய்க்கு வேற வரத்து கெடையாது சார். அம்புட்டு வயலும் காயும், கெணறும் வத்தும். பெருமழ பேஞ்சா ஒங்க வீட்டுக்குள்ள வரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, என் பள்ளத்தின் ஓரத்தைச் சீவிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

3. திருத்தம்

திங்கட்கிழமை ஏ.டி. சாரிடம் லே-அவுட்டை மாற்ற வேண்டும் என்றேன்.

"எத்தன பிளாட் போகும்?"

"பதினொண்ணு சார்."

"ஒன்னோடது?"

"அதும்தான் சார்."

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னும் முடிவாகல. போய்ச் சொல்லிட்டு வா."

அன்று சாயங்காலம் சொன்னேன். சரசுவதி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்ணி போற எடத்துல சொந்த வீட்டு அடுப்படிய வச்ச ஆளு, ஊருக்கே பிளான் போடுறாராம்! நல்லா வெளங்கும்."

பிறகு அழுதாள். குழாயில் முறை வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, குடத்தைத் தூக்கினாள்.

"திருத்திக் குடுத்துருங்க. இன்னொருத்தர் தண்ணிய அடச்சுட்டு நமக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் நான்கு நாள் பேசவில்லை.

வாய்க்காலை விட்டு, இரு கரையிலும் பத்தடி விட்டு, புது டிரேஸிங் போட்டேன். மனை இழந்த மற்ற பத்துப் பேரும் கேன்டீனில் என்னைக் கண்டால் டம்ளரோடு வேறு டேபிளுக்குப் போனார்கள். மாற்று மனைப் பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்தது. அதைத் தயாரித்தவனும் நான்தான். என் முறை வரும் அளவுக்கு அந்தப் பட்டியல் நகரவே இல்லை. ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கோடையில் பார்த்த நிலத்தை மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

மறு வருஷம் அதே மாதம் கருப்பணன் மறுபடி ஆபீஸுக்கு வந்தார். "நாளைக்கு வாய்க்கா வெட்டு சார்."

"இப்ப எனக்கு அங்க எடமே இல்லையேண்ணே."

அவருக்கு அது புரியவில்லை.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? தண்ணி ஓடுதே, அது ஒங்க எடந்தான?"