மில்காரியின் கைரேகை

தபாலில் கைரேகைப் பாடம் நடத்திய ஐயா, நீங்கள் என்னை இரண்டு தடவை அநியாயமாகப் பெயிலாக்கினீர்கள்.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. துப்பறியும் வேலை கிடைக்கும் என்ற உங்கள் விளம்பரத்தை இந்தப் பத்திரிகையில் பார்த்து, மில்லை விட்டுப் போய்விடலாம் என்று சேர்ந்தேன். பத்து விரலையும் மையில் உருட்டிப் பதித்து அனுப்பினேன். 'ரேகை தெரியவில்லை, கவனக்குறைவு' என்று திருப்பி அனுப்பினீர்கள். மறுபடி அனுப்பியபோதும் அதையேதான் எழுதினீர்கள்.

கூட வேலை பார்த்த பாத்திமா என் விரலைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, நூலு ஓடி ஓடி ரேகை அம்புட்டும் தேஞ்சு போச்சு. நீ களவாண்டா ஒரு போலீசும் பிடிக்க முடியாது!"

பிறகு மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் சும்மா கிடந்தேன். சில வாரம் கழித்து விரல் நுனியில் கோடு கோடாகத் தெரிந்தது. மை தடவித் தாளில் அழுத்தினேன். சுழி தெளிவாக விழுந்தது.

"அக்கா, எனக்கும் ரேகை இருக்குக்கா!" என்று கத்தினேன்.

அதை அனுப்பித்தான் தேறினேன். துப்பறியும் வேலை வரவில்லை, மில்லைத் திறந்ததும் மறுபடி அங்கேயே போனேன். விரலும் தேய்ந்தது. ஆனால் என் ரேகை தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்று அதன்பின் எனக்குத் தெரியும்.

உழைக்கிற கையைப் பற்றி உங்கள் பாடத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை? இதே பத்திரிகையில் எல்லோரும் படிக்கப் பதில் எழுதுங்கள்.